பைப்பைப் பெரிசாக்கிய பிறகு வண்டி இழுக்கவில்லையா? அறிகுறி பார்த்து எக்ஸாஸ்ட் கோளாறைப் பிடிப்பது

"அண்ணாச்சி, ரெண்டரை இன்ச் பைப் போட்டேன். சத்தம் வருது, வண்டி போவ மாட்டேங்கு."

மாதத்துக்கு நாலு பேராவது இந்தப் புகாரோடு எங்கள் பட்டறைக்கு வருகிறார்கள். பாளையங்கோட்டை, வள்ளியூர், அம்பாசமுத்திரம், திசையன்விளை என்று ஊர்தான் மாறும், புகார் மாறாது. வண்டியைத் தூக்கிப் பார்த்தால் பாதிப் பேருக்குக் கோளாறு பைப்பின் அளவிலேயே இருக்காது. இணைப்பிலோ வளைவிலோ சென்சாரிலோ இருக்கும். மீதிப் பேருக்கு அளவேதான் கோளாறு. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பைப்பை மறுபடி மறுபடி வெட்டி ஒட்டிக் காசைக் கரைக்கிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்து மனது கேட்காமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் வண்டி காட்டும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். செலவில்லாத சோதனை முதலில் இருக்கும், பைப்பை வெட்டுவது கடைசியில் இருக்கும். வண்டிக்குள் புகை நாற்றம் அடிக்கிறது என்றால் மட்டும் வேறு எதையும் படிக்க வேண்டாம், "புகை நாற்றம்" என்ற தலைப்பை முதலில் படியுங்கள்.

## கை வைக்கும் முன்

ஓடி வந்த வண்டியை இரண்டு மணி நேரமாவது ஆற விடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகு படுங்கள். வெல்டிங் செய்வதாக இருந்தால் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றியாக வேண்டும். இதைக் கழற்றாமல் வெல்டு வைத்து இசியு (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர்) போன வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். நிறைய வண்டிகளில் பெட்ரோல் டேங்க் பிளாஸ்டிக். அதை ஒட்டி வெல்டு வைக்கும்போது நடுவில் ஈரச்சாக்கு தொங்க வேண்டும், பக்கத்தில் தீயணைப்பான் இருக்க வேண்டும்.

ஜிஐ பைப்பை எக்ஸாஸ்ட்டுக்குப் போடாதீர்கள். துருப்பிடிக்காது, விலை குறைவு என்று போட்டுக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். வெல்டு சூட்டில் அதன் துத்தநாகப் பூச்சு ஆவியாகி, அதைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும். பூச்சு எரிந்துபோன இடம் பிறகு வேகமாகத் துருவும் பிடிக்கும்.

இப்போது இருக்கும் பைப்பின் அளவை எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். வெர்னியர் இல்லையென்றால் ஒரு நூலைச் சுற்றி, அந்த நீளத்தை ஸ்கேலில் பார்த்து 3.14-ஆல் வகுங்கள். நூல் 160 மி.மீ. என்றால் வெளிவிட்டம் 51 மி.மீ., அதாவது 2 இன்ச். அதில் தகட்டின் கனத்தை இரண்டு முறை கழித்தால் உள்விட்டம் வரும். 1.5 மி.மீ. தகடு என்றால் 48 மி.மீ. புகை போவது உள்விட்டத்தில்தான், கணக்கும் அதற்குத்தான். கடையில் சொல்லும் "ரெண்டு இன்ச்" வெளிவிட்டம்.

## அறிகுறி: கீழ் ஆர்பிஎம்மில் இழுவை போய்விட்டது

இரண்டாம் கியரில் வேகத்தடை ஏறி இறங்கியதும் மிதித்தால் வண்டி யோசிக்கிறது. மேட்டில் கியரைக் குறைக்க வேண்டியிருக்கிறது. எஞ்சின் சுற்று (ஆர்பிஎம்) 3000-ஐத் தாண்டிவிட்டால் சரியாகப் போகிறது.

### முதலில் கசிவைத் தேடுங்கள்

அம்பாசமுத்திரத்துத் தம்பி ஒருவர் 1.2 லிட்டர், டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி) இல்லாத வண்டியோடு வந்தார். பாபநாசத்தில் இருந்து காரையாருக்கு ஏறும்போது முன்னால் போன மினி பஸ்ஸைக்கூட முந்த முடியவில்லை என்றார். புதுப் பைப் இரண்டரை இன்ச். எனக்கும் முதல் சந்தேகம் அளவின் மேல்தான். ஆனால் வண்டியைத் தூக்கி விளக்கடித்துப் பார்த்தபோது, ஹெடரும் (எஞ்சினை ஒட்டிய முதல் புகைக்குழாய்) பைப்பும் சேரும் ஃப்ளாஞ்சின் (போல்ட் போடும் தட்டு) மேல்பக்கத்தில், கண் மை தீட்டினதுபோல ஒரு கரிக்கோடு. ஒரு விரல் நீளம்கூட இருக்காது. கழற்றினால் நடுவில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் பாதி கிழிந்து உள்பக்கமாக மடங்கிக் கிடக்கிறது. மூன்று போல்ட்டில் ஒன்றை மட்டும் முதலில் முழுக்க முறுக்கிவிட்டு மற்ற இரண்டையும் பிறகு முறுக்கியிருக்கிறார்கள், ஃப்ளாஞ்ச் சாய்வாக உட்கார்ந்துவிட்டது. கேஸ்கெட் மாற்றியதிலேயே இழுவையில் பாதி திரும்பி வந்தது. மீதிப் பாதிக்குத்தான் பைப்பின் அளவு காரணம். அதைக் கீழே சொல்கிறேன்.

கசிவைப் பார்க்கும் முறை இது. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யுங்கள். தோல் கையுறை போட்டுக்கொண்டு, நாலாக மடித்த ஈரத்துணியால் வால்பைப்பின் வாயை மூன்று எண்ணும் வரை அடையுங்கள். கசிவில்லாத வண்டியில் கையை உந்தித் தள்ளும், ஐடிலிங் தடுமாறும். கசிவு இருந்தால் எங்கேயோ "ஸ்ஸ்" என்று கேட்கும். எங்கே என்று பிடிக்க, பற்றவைத்த ஊதுபத்தியை ஹெடர், ஃப்ளாஞ்ச், ஃப்ளெக்ஸ் பைப் (வளைந்து கொடுக்கும் பின்னல் குழாய்) ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். புகை சிதறும் இடம்தான் கசிவு. பெட்ரோல் வாடை இருந்தாலோ, டேங்க், பெட்ரோல் லைன் பக்கத்திலோ ஊதுபத்தி கூடாது. அங்கே சோப்புத் தண்ணீர் அடித்துக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

புகையில் ஆக்சிஜனை அளக்கும் ஓ2 சென்சாருக்கு முன்னால் உள்ள கசிவுதான் இழுவையையும் மைலேஜையும் கெடுக்கும். பின்பக்க மஃப்லர் (சத்தத்தை அடக்கும் பெட்டி) ஓரத்தில் இருப்பது சத்தத்தைக் கூட்டும், இழுவையைத் தொடாது. அதைப் பிடித்துக்கொண்டு மெனக்கெட வேண்டாம்.

### பிறகு பைப்புக்குச் சம்பந்தமில்லாததை விலக்குங்கள்

ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கிளட்ச். ஆர்பிஎம் முள் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் அது கிளட்ச் வழுக்கல், எக்ஸாஸ்ட்டில் தேடாதீர்கள். சத்தம் கூடியதால் நம்மை அறியாமலே மிதிப்பதைக் குறைக்கிறவர்களும் உண்டு. ஆள் நடமாட்டம் இல்லாத ஒரே நேர்ச்சாலையில், மூன்றாம் கியரில் 40-இல் இருந்து 80 வருவதற்கு எத்தனை நொடி என்று பக்கத்தில் இருப்பவரை ஸ்பீடோமீட்டரைப் படம் பிடிக்கச் சொல்லுங்கள். இரண்டு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுங்கள், நம் பக்கத்துக் காற்றுக்கு ஒரு திசைக் கணக்கு உதவாது. மாற்றும் முன்பும் பின்பும் இந்தக் கணக்கு இருந்தால் வாதமே வராது.

### கசிவு இல்லை, மற்றதும் சரி என்றால் அளவு

நான் வைத்திருக்கும் கணக்கு எளிது. எஞ்சினின் குதிரைத்திறனை 52-ஆல் வகுத்தால், பைப்புக்கு வேண்டிய உள்பரப்பு சதுர இன்ச்சில் கிடைக்கும். ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு 2.2 கன அடி புகை, ஒரு சதுர இன்ச் வழியாக 115 கன அடி சுகமாகப் போகும் என்ற பழைய பட்டறைக் கணக்கின் சுருக்கம் அது. பரப்பை விட்டமாக மாற்றிக் கைக்கு வந்த அளவுகள்:

80 முதல் 100 குதிரைத்திறன் வரை: 1.5 அல்லது 1.75 இன்ச்
100 முதல் 130 வரை: 1.75, மிஞ்சினால் 2
150: 2, டர்போ என்றால் 2.25
200: 2.25 அல்லது 2.5
250 முதல் 300: 2.5-இல் இருந்து 3

இது ஒற்றைப் பைப்புக்கு. ஐ20 என் லைனில் உள்ள 1 லிட்டர் டர்போ 120 பிஎஸ் (ஏறத்தாழ குதிரைத்திறனேதான்). விர்டஸ், ஸ்லாவியாவில் வரும் 1.5 டிஎஸ்ஐ 150 பிஎஸ். அவற்றுக்கே 2, 2.25-க்கு மேல் சாலை ஓட்டத்தில் வேலை இல்லை என்றால், 83 குதிரைத்திறன் வண்டிக்கு இரண்டரை இன்ச் எதற்கு? 1.75-க்கும் 2.5-க்கும் பார்வைக்கு முக்கால் இன்ச்தான் வித்தியாசம். உள்ளே இருக்கும் பரப்போ இரண்டு மடங்கு. கீழ் ஆர்பிஎம்மில் வரும் கொஞ்சப் புகை அந்த அகலத்தில் வேகம் இழந்து மந்தமாகப் போகிறது, அடுத்த சிலிண்டரின் புகையை இழுத்துக்கொண்டு போக மாட்டேன் என்கிறது.

டர்போ இல்லாத வண்டி என்றால் முழுவதையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. கேட் கன்வர்ட்டரில் (புகையின் விஷத்தைக் குறைக்கும் பெட்டி) இருந்து நடு ரெசனேட்டர் (ரீங்காரத்தைக் குறைக்கும் சின்னப் பெட்டி) வரையுள்ள பகுதியைக் கணக்குப்படி மாற்றுங்கள். மஃப்லருக்குப் பின்னால் கொஞ்சம் பெரிதாக இருப்பதால் ஓட்டத்தில் வித்தியாசம் தெரியாது. அம்பாசமுத்திரத்து வண்டிக்கு அப்படித்தான் 1.75 போட்டுக் கொடுத்தோம். அடுத்த வாரம் காரையாரில் இருந்தே போன் வந்தது. அதைவிடச் சந்தோஷம் எனக்கு வேறு இல்லை.

டர்போ வண்டியில் கதை வேறு. டர்பைனை (டர்போவில் புகை சுழற்றும் சக்கரம்) தாண்டிய பிறகு தடை குறையக் குறைய நல்லது, அதனால் டவுன்பைப் (டர்போவில் இருந்து இறங்கும் பைப்) பெரிதாக இருப்பதால் கீழ் இழுவை போகாது. போயிருந்தால் டர்பைனுக்கு முன்னால் கசிவையும், இன்டர்கூலர் (டர்போக் காற்றைக் குளிர்விக்கும் பகுதி) குழாய் கழன்றிருப்பதையும், வேஸ்ட்கேட் (மிஞ்சிய புகையை டர்பைனுக்குள் விடாமல் திருப்பும் கதவு) முழுதாக மூடாமல் இருப்பதையும் பாருங்கள்.

### இந்த இடத்தில் நிறுத்துங்கள்

அளவு சரி, கசிவு இல்லை, இன்னும் இழுக்கவில்லை என்றால் எக்ஸாஸ்ட் கடையில் உங்களுக்கு வேலை இல்லை. கம்ப்ரஷன், ஃபியூயல் பிரஷர் பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கிடம் போங்கள். டர்போ வண்டியில் பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம்) குறித்த அளவைத் தாண்டி ஏறினாலோ, ஸ்கேனரில் (கோளாறு நம்பர் காட்டும் கருவி) பி0234 வந்தாலோ மிதிப்பதை அந்த நிமிடமே நிறுத்துங்கள். பெரிய டவுன்பைப் போட்ட பிறகு வேஸ்ட்கேட்டால் சமாளிக்க முடியாமல் பூஸ்ட் கட்டுமீறுகிறது என்று பொருள். அது டியூனரின் வேலை. தள்ளிப்போட்டால் பிஸ்டன் போகும்.

## அறிகுறி: 4500 ஆர்பிஎம்முக்கு மேல் மூச்சுத் திணறுகிறது

கீழே நன்றாக இருக்கிறது, மேலே போகப் போகச் சுவரில் முட்டியதுபோல நிற்கிறது. "பைப் சின்னது" என்று முடிவு கட்டும் முன் அடைப்பைத் தேடுங்கள்.

ஆறிய வண்டியில் கேட் கன்வர்ட்டரை ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். உள்ளே கூழாங்கல் குலுங்குவதுபோலச் சத்தம் வந்தால் அதன் தேன்கூடு போன்ற உள்பாகம் உடைந்திருக்கிறது, அந்தத் துண்டுகள் பின்னால் போய் மஃப்லரை அடைக்கும். மஃப்லரையும் தட்டிப் பாருங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளில் இதை நிறையப் பார்த்தோம். வெளியே கழுவித் துடைத்து விற்றுவிட்டார்கள், மஃப்லருக்குள் தாமிரபரணி வண்டல் கட்டிக் கிடந்தது, உள்தகடு அரித்து மடங்கியிருந்தது. பழைய வண்டி வாங்கிப் பைப் மாற்ற நினைப்பவர்கள் மஃப்லரைக் கழற்றித் தூக்கிப் பாருங்கள். கனம் மாறியிருந்தால் கைக்கே தெரியும்.

அடுத்தது வளைவுகள். சாதாரண பெண்டிங் மெஷினில் அழுத்தி வளைத்த பைப் வளைவில் நசுங்கும். 51 மி.மீ. பைப்பின் வளைவில் குறுகிய பக்கத்தை வெர்னியரில் பிடித்துப் பாருங்கள். 40-க்குக் கீழே போயிருந்தால் நீங்கள் 2 இன்ச்சுக்குக் காசு கொடுத்து ஒன்றே முக்கால் இன்ச்சைக்கூட வாங்கவில்லை. பைப்பைப் பெரிசாக்குவதைவிட அந்த மாதிரி வளைவுகளை மேன்ட்ரல் பெண்டாக (உள்ளே தாங்கு கொடுத்து நசுங்காமல் வளைத்தது) மாற்றுவது மலிவு. ஒன்றுக்குள் ஒன்று நுழைத்த இணைப்பு அளவுக்கு மீறி உள்ளே போயிருக்கிறதா, வெல்டு உள்பக்கம் வழிந்து முள்ளாக நிற்கிறதா என்று விரலை விட்டுத் தடவியே கண்டுபிடிக்கலாம். கையுறையோடு.

உறுதிப்படுத்த வேண்டுமானால் முன் ஓ2 சென்சாரைக் கழற்றி, அந்த 18 மி.மீ. மரையில் பேக் பிரஷர் கேஜ் (பைப்புக்குள் புகையின் அழுத்தம் காட்டும் மீட்டர்) மாட்டச் சொல்லுங்கள். ஐடிலில் 1.5 பிஎஸ்ஐக்குள், 2500-இல் 3 பிஎஸ்ஐக்குள் இருக்க வேண்டும். மிஞ்சினால் முன்னால் இருந்து பின்னால் ஒவ்வொரு பகுதியாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது முள் இறங்குகிறது என்று பார்த்தால் அடைப்பு அங்கே.

ரீமேப் செய்து (இசியு கணக்கை மாற்றி) 200 குதிரைத்திறனைத் தாண்டிய வண்டியில் இவ்வளவும் சரியாக இருந்து கேஜ் மட்டும் ஏறினால், அப்போது பைப் உண்மையாகவே சின்னது. கால் இன்ச் கூட்டுங்கள், அதற்கு மேல் ஒரே தாவலில் போக வேண்டாம். கூட்டிய பிறகு ஏஎஃப்ஆர் மீட்டரோடு (காற்று-பெட்ரோல் விகிதம் காட்டுவது) டைனோவில் (எஞ்சின் திறனை அளக்கும் மெஷின்) பார்ப்பது கட்டாயம். மேப் சென்சார் (உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) வைத்துக் கணக்குப் போடும் எஞ்சின்களில் முழு மிதியில் பெட்ரோல் குறைந்து கலவை மெலிந்து நாக்கிங் (எஞ்சினுக்குள் தட்டும் சத்தம்) வரலாம்.

## அறிகுறி: கேபினுக்குள் ரீங்காரம்

நகருக்குள் ஒன்றும் தெரியாது. கேடிசி நகர் தாண்டி நாற்கரச் சாலையில் நாங்குநேரி பக்கம் போகும்போது, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் காதுக்குள் "ம்ம்ம்" என்று அழுத்தும். அரை மணி நேரத்தில் தலை கனக்கும். பின்சீட்டில் இருக்கும் அம்மா "வண்டிய நிறுத்துப்பா" என்பார். பைப் மாற்றியவர்கள் மனம் வெறுத்து எல்லாவற்றையும் கழற்றி எறிவது பெரும்பாலும் இதனால்தான்.

முதல் சோதனை: பைப் எங்காவது பாடியைத் தொடுகிறதா? பைப்பைக் கையால் பிடித்து நாலு பக்கமும் ஆட்டுங்கள். எந்தப் பக்கமும் ஒரு விரல் இடைவெளி வேண்டும். சைலன்சர் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் மாற்றுங்கள். கடினமான பாலியூரிதேன் ரப்பர் போட்டிருந்தால் பழைய சாதா ரப்பருக்கே திரும்புங்கள். பத்தில் மூன்று வண்டி இதிலேயே அடங்கிவிடும்.

அடங்கவில்லை என்றால் ரீங்காரம் எந்த ஆர்பிஎம்மில் உச்சம் என்று குறியுங்கள். 4 சிலிண்டர் வண்டிக்கு அந்த எண்ணை 30-ஆல் வகுங்கள், 3 சிலிண்டருக்கு 40-ஆல். கிடைப்பது ஹெர்ட்ஸ். 4 சிலிண்டர், 2400 ஆர்பிஎம் என்றால் 80 ஹெர்ட்ஸ்.

இப்போது இரண்டு வழி. ரெசனேட்டரைக் கழற்றிவிட்டு வெறும் பைப் விட்டிருந்தால் அதைத் திரும்ப மாட்டுவதுதான் முதல் வழி. இழுவையில் அதனால் இழப்பது அநேகமாக ஒன்றுமில்லை. நேர்வழி ரெசனேட்டர், உள்விட்டம் பைப்பின் அளவே, நீளம் முடிந்தவரை அதிகம்.

இரண்டாவது வழி பக்கக்குழாய். மெயின் பைப்பில் இருந்து கிளையாக ஒரு பைப், அதன் மறுமுனை அடைப்பு. நீளம் சரியாக இருந்தால் அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் விழுங்கும், பவரைத் தொடாது. 112-ஐ ஹெர்ட்ஸால் வகுத்தால் நீளம் மீட்டரில். 80 ஹெர்ட்ஸுக்கு 1.4 மீட்டர். கணக்கைவிட 10 செ.மீ. நீளமாக வைத்து, அடைப்பை வெல்டு செய்யாமல் கிளாம்பில் மாட்டி, ஒவ்வொரு விரற்கடையாகக் குறைத்து நாற்கரச் சாலையில் ஓட்டிப் பாருங்கள். ரீங்காரம் மறையும் இடத்தில் வெல்டு வையுங்கள். பைப்பின் சூடு வண்டிக்கு வண்டி மாறுவதால் காகிதக் கணக்கு ஒருபோதும் அப்படியே பொருந்தாது. 3 சிலிண்டர் வண்டியில் அதே 2400-க்கு 60 ஹெர்ட்ஸ், நீளம் 1.87 மீட்டர். சின்ன வண்டியின் அடியில் அதற்கு இடமில்லை. அவர்கள் இந்த வழிக்கே போகாமல் பெரிய மஃப்லர் போடுவது நல்லது.

இதெல்லாம் செய்தும் நிற்கவில்லை என்றால் பைப்பைக் கால் இன்ச் குறைப்பதைத் தவிர வழியில்லை. அந்த முடிவுக்கு முன் எஞ்சின் மவுண்ட் உடைந்திருக்கிறதா என்று ஒரு மெக்கானிக்கை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

## அறிகுறி: செக் இன்ஜின் லைட், கூடவே மைலேஜ் சரிவு

ஸ்கேனர் மாட்டி நம்பரைப் பாருங்கள். நம்பர் தெரியாமல் ஒரு போல்ட்டையும் தொடாதீர்கள்.

பி0171: கலவை மெலிவு. பைப் மாற்றிய வண்டியில் பெரும்பாலும் முன் சென்சாருக்கு முன்னால் கசிவு. அங்கே வெளிக்காற்று உள்ளே இழுபடும், சென்சார் "பெட்ரோல் போதவில்லை" என்று பொய்ச் சாட்சி சொல்லும், இசியு பெட்ரோலை ஊற்றும். மேலே சொன்ன ஈரத்துணிச் சோதனை போதும்.

பி0135, பி0141: சென்சாரின் ஹீட்டர். பைப் மாற்றும்போது ஒயரை இழுத்திருப்பார்கள், அல்லது ஒயர் சூட்டுப் பைப்பில் பட்டு உருகியிருக்கும். கண்ணாலேயே தெரியும்.

பி0420: கேட் கன்வர்ட்டர் வேலை செய்யவில்லை. கழற்றிவிட்டு வெறும் பைப் விட்டிருந்தால் இதுதான் வரும். சென்சாருக்கு அடியில் கட்டை கொடுத்து விளக்கை அணைத்துத் தருகிறேன் என்பவர்களிடம் போகாதீர்கள். கன்வர்ட்டரை மாட்டுங்கள். அது இருப்பதால் சாலை வண்டியில் போகும் பவர் சொற்பம், அது இல்லாததால் உங்கள் தெருப் பிள்ளைகள் சுவாசிக்கும் விஷம் அதிகம்.

கேஸ்கெட் மாற்றி, நம்பரை அழித்து, 100 கி.மீ. ஓடிய பிறகும் அதே நம்பர் வந்தால் ஸ்கேனரில் லைவ் டேட்டா படிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். சென்சாரை அனுமானத்தில் வாங்கி மாற்றுவது வீண்செலவு.

## அறிகுறி: வண்டிக்குள் புகை நாற்றம், கண் எரிச்சல், தலைவலி

வண்டியை ஓரம் கட்டி, கதவைத் திறந்து எல்லோரும் இறங்குங்கள். நாற்றம் அடிப்பது மற்ற வாயுக்களால். ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடுக்கு நாற்றமே கிடையாது. தலைசுற்றல், வாந்தி, மயக்கம் யாருக்காவது இருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். வண்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. வால்பைப் பம்பருக்கு உள்ளேயே முடிகிறது. பம்பரின் விளிம்பைத் தாண்டி இரண்டு விரல் வெளியே நீட்டியிருக்க வேண்டும். ஹேட்ச்பேக்கின் பின்கதவைத் திறந்துவிட்டு ஓட்டினால் வண்டியின் முதுகில் சுழலும் காற்று புகையை உள்ளே இழுத்துவிடும். அடுத்தது, பைப் வெட்டும்போது தரையில் இருந்த ரப்பர் மூடியைக் கழற்றிவிட்டு மறந்திருப்பார்கள். தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். மூன்றாவது ஹெடர் கேஸ்கெட் கசிவு. அந்தப் புகை ஏசியின் காற்று உறிஞ்சும் வாய்க்கு நேர் கீழே இருக்கும். சிக்னலில் நிற்கும்போது மட்டும் நாற்றம் என்றால் இதைச் சந்தேகப்படுங்கள்.

ஆடிக் காற்றில் பணகுடி, காவல்கிணறு பக்கம் ஏசி போட்டு வண்டிக்குள்ளேயே தூங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பின்னால் இருந்து காற்று அடித்தால் உங்கள் புகை உங்கள் வண்டிக்கே திரும்பி வரும். பைப் மாற்றிய வண்டியில் அப்படித் தூங்கவே தூங்காதீர்கள்.

மேலே சொன்ன மூன்றையும் சரி செய்த பிறகும் கேபினில் கார்பன் மோனாக்சைடு மீட்டர் வைத்துப் பார்க்காமல் குழந்தைகளை ஏற்றாதீர்கள். இந்த ஒரு அறிகுறியில் வீட்டிலேயே சமாளிக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

## அறிகுறி: வேகத்தடையில் இடிக்கிறது, கடகடக்கிறது

பைப் அரை இன்ச் பெருத்தால் அடியில் அரை இன்ச் இறங்கும். நாலு பேர் ஏறி உட்கார்ந்த நிலையில் தரைக்கும் பைப்புக்கும் உள்ள இடைவெளியை அளங்கள், காலி வண்டியில் அளந்தால் ஏமாறுவீர்கள். ரப்பர் தொய்வு, ஹேங்கர் கம்பியின் வளைவு, கடைசியில் பைப் போகும் தடத்தை மாற்றுவது என்ற வரிசையில் போங்கள். கடகட சத்தம் பெரும்பாலும் ஹீட் ஷீல்டு (பைப்பின் சூட்டை மறைக்கும் தகடு). ஒரு வாஷரோடு முடியும். ஃப்ளெக்ஸ் பைப்பின் கம்பிப் பின்னல் பிரிந்திருந்தால் அதன்மேல் வெல்டு வைக்காதீர்கள், புதிதாக மாற்றுங்கள்.

உவரி, கூடங்குளம், இடிந்தகரை பக்கத்து வண்டிகளுக்கு உப்புக் காற்றால் சாதா இரும்புப் பைப் சீக்கிரம் ஓட்டையாகும். 304 ஸ்டெயின்லெஸ், டிக் வெல்டிங். அங்கே இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

## அறிகுறி: நிறுத்தி அபராதம் போடுகிறார்கள், புகைச் சான்றிதழ் தேறவில்லை

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவுப்படி கம்பெனி கொடுத்த அளவீட்டுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. சத்தத்துக்கும் புகைக்கும் 190(2) பிரிவு தனியாக இருக்கிறது. ஆகவே சாலையில் ஓடும் வண்டியில் நான் செய்து கொடுப்பது கம்பெனி அளவுக்குள் பழுது நீக்குவது, கசிவை அடைப்பது, நசுங்கின வளைவை நிமிர்த்துவது, மற்றவர்கள் பெரிசாக்கிக் கெடுத்ததைப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது. மேலே சொன்ன பெரிய அளவுகள் கோவை கரி ஸ்பீட்வே, இருங்காட்டுக்கோட்டை மாதிரி டிராக்குக்கு டிரெய்லரில் ஏற்றிப் போகும் வண்டிகளுக்கு.

மணிமுத்தாறு சோதனைச் சாவடியைத் தாண்டி மாஞ்சோலைக்கு ஏறும் சாலை களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. அங்கே சத்தத்தைக் கொண்டுபோகாதீர்கள்.

புகைச் சோதனையில் தேறாத வண்டிக்கு வரிசை இது: எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு மறுபடி சோதனை, ஏர் ஃபில்டர், கசிவு, சென்சார், கடைசியில் கன்வர்ட்டர். குளிர்ந்த கன்வர்ட்டர் வேலை செய்யாது, ஏறத்தாழ 250 டிகிரிக்கு மேல்தான் அது விழிக்கும். தச்சநல்லூரில் வீடு, பக்கத்துத் தெருவில் சோதனை நிலையம் என்றால் நேராகப் போகாமல் கங்கைகொண்டான் வரை ஒரு நடை ஓட்டிவிட்டு வந்து குழாயை நுழைக்கச் சொல்லுங்கள்.